சொந்தக் காரில் குடும்பத்தோடு சென்னை: முதல்முறை ஓட்டிப் போகிறவர்களுக்கு

அருப்புக்கோட்டையில் எட்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். எங்கள் ஊர் பஜாரில் ஷேர் ஆட்டோவுக்கும் ஆட்டுக்கும் நடுவே வண்டியை நுழைத்து எடுத்தவனுக்குச் சென்னை என்ன பெரிய விஷயம் என்றுதான் கிளம்பினேன். தாம்பரம் தாண்டியதும் ஸ்டியரிங்கை நான் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டு, பின்சீட்டிலிருந்து அம்மா, "ஏய்யா, ஓரமா நிறுத்தி ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கோ" என்றார். ஓரமாக நிறுத்த ஓர் இடம் கண்ணில் படுவதற்குள் விமான நிலையமே வந்துவிட்டது.

இதுவரை மூன்று தடவை போய் வந்தாயிற்று. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: சென்னையில் ஓட்டுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை, முன்னும் பின்னும் போகிற வண்டிகளே நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். நிறுத்துவதுதான் பாடு. அதனால் எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், வழியை அப்புறம் பார்க்கலாம்.

படி 1: அறை போடுவதற்கு முன்னால் பார்க்கிங்கை விசாரியுங்கள்

முதல் பயணத்தில் நான் கோட்டை விட்டது இங்கேதான். லாட்ஜுக்குப் போன் செய்து "பார்க்கிங் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு சார்" என்றார்கள். பொய் இல்லை, இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால், கட்டடத்துக்கு அடியில் நாலு கார் நிற்கிற இடத்தில் ஐந்து கார் நின்றது. ஆறாவது நான். இறங்குகிற சரிவு அவ்வளவு செங்குத்து. ஆறு பேர் பாரத்தோடு வண்டியின் அடிப்பக்கம் 'கர்ர்' என்று உரசியது. எல்லாரையும் இறக்கிவிட்டு, காலி வண்டியைக் குறுக்காக நிறுத்தினேன். வாட்ச்மேன் கையை நீட்டினார்: "சாவிய குடுத்துட்டுப் போங்க சார். காலைல நாலு மணிக்கு உள்ள இருக்கிற வண்டி வெளிய போகணும்." அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஆகவே போனில் இப்படிக் கேளுங்கள். எத்தனை கார் நிற்கும்? காம்பவுண்டுக்கு உள்ளேயா, தெருவிலா? சாவியைக் கொடுக்க வேண்டுமா? அடித்தளம் என்றால் சரிவு எப்படி? தெருவில் எதிரெதிரே இரண்டு கார் போகுமா, ஒருவழிப் பாதையா? "வாங்க சார், பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு லாட்ஜ் பாருங்கள்.

இன்னொன்று, கூகுள் மேப்பில் தெருக்காட்சி வசதி சென்னைக்கு 2022-லேயே வந்துவிட்டது. லாட்ஜ் இருக்கும் தெருவுக்குள் வீட்டிலிருந்தபடியே ஒரு நடை போய் வாருங்கள். தெருவின் அகலம், வாசல், 'நோ பார்க்கிங்' பலகை எல்லாம் தெரியும். என் மகன் பத்து நிமிடத்தில் இதைச் செய்து கொடுத்தான்.

படி 2: நுழைகிற நேரம்

தெற்கேயிருந்து போகிறவர்கள் திருச்சி, விழுப்புரம், செங்கல்பட்டு வழியாக ஜி.எஸ்.டி. சாலையில்தான் நுழைவோம். ஞாயிறு சாயங்காலம் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஊருக்குப் போன சென்னைக்காரர்கள் மொத்தமும் அப்போதுதான் திரும்புகிறார்கள், பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்துதான் போக வேண்டும். வெள்ளி சாயங்காலம் இதற்கு நேர் எதிர்த்திசையில் நெரிசல்.

எனக்குச் சரிப்பட்டு வருவது விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவது. திருச்சியில் காலை டிபன், திண்டிவனத்துக்கு முன்னாலேயே மதியச் சாப்பாடு, ஒன்றரை மணி வாக்கில் பரனூர். ஆபீஸ் கூட்டமும் இல்லாத, பள்ளிக்கூடம் விடுவதற்கும் முந்திய அந்தச் சமயத்தில் ஊர் கொஞ்சம் மூச்சு விடும். பாஸ்டேக்கில் பணம் போட்டு வையுங்கள்; இருப்பு இல்லையென்றால் கூடுதலாக அழ வேண்டும்.

படி 3: முன்சீட்டில் உட்காருகிறவருக்கு வேலை கொடுங்கள்

ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது. வழி சொல்ல ஒரே ஓர் ஆள் போதும். எங்கள் வண்டியில் அது என் மனைவி. மச்சான் பின்னாலிருந்து "லெஃப்ட், லெஃப்ட்" என்றாலும் காதில் வாங்குவதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். (மச்சானுக்கு அதில் வருத்தம்தான்.)

மேப் சொல்வதைத் தூரத்தோடு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்: "அரை கிலோமீட்டர்ல இடது, பாலத்துல ஏறாத." இந்தப் பாலம்தான் முக்கியம். மேலே பாலம், பக்கத்திலேயே அணுகுசாலை என்று இரண்டும் ஒட்டிப் போகும் இடத்தில் நாம் எதில் இருக்கிறோம் என்று மேப்பே குழம்பும். கத்திப்பாரா போன்ற இடத்தில் மேப்பைவிடப் பச்சைப் பலகையை நம்புங்கள். கிண்டியா, கோயம்பேடா, பூந்தமல்லியா என்று அங்கே போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வளைவில் ஏறிவிட்டு யோசிக்க அவகாசம் கிடையாது.

மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைக்காகச் சில சாலைகளைத் தடுப்பு வைத்துத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். தடுப்புப் பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரர் கை காட்டுகிற பக்கமே போங்கள், மேப் தானாக வழியை மாற்றிக்கொள்ளும்.

படி 4: திருப்பத்தைத் தவறவிட்டால்

தவறவிடுவீர்கள். நேராகப் போங்கள், அடுத்த யூ-டர்னில் திரும்பலாம். ரிவர்ஸ் எடுப்பதோ, கடைசி வினாடியில் மூன்று லேன் தாண்டி வெட்டுவதோ வேண்டாம். இடது கண்ணாடியில் பைக் தெரியவில்லை என்பதால் அங்கே பைக் இல்லை என்று அர்த்தமில்லை.

சிக்னலில் வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். பல சிக்னல்களில் கேமரா இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் அபராதம் 10,000 ரூபாய். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை போகிறவர்கள், நல்ல மழை பெய்தால் ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதைகளைத் தவிருங்கள். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

படி 5: இடத்துக்கு இடம் ஒரு கணக்கு

தி.நகர்: ரங்கநாதன் தெருவுக்குக் காரில் போக நினைப்பதே தப்பு. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து இறங்கினால் தெரு அங்கேயே ஆரம்பிக்கிறது, மின்சார ரயில்தான் அதற்கு வழி. பாண்டி பஜார் பக்கம் என்றால் தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. இயந்திரமே காரைத் தூக்கிக்கொண்டு போய் மேலே வைக்கும். ஓர் இரும்புத் தட்டின் மேல் காரை ஏற்றி, கண்ணாடிகளை மடக்கி, கைபிரேக் போட்டு, எல்லாரும் இறங்கிவிட வேண்டும். தண்ணீர் பாட்டில், குடை, குழந்தையின் மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் அப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி மேலே போனபின், "அந்தப் பையை மட்டும் எடுத்துக்கிறேன்" என்று கேட்க முடியாது. உயரமான வண்டி என்றால் ஏற்றுவதற்கு முன் ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளி நெருக்கத்தில் இடம் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

மயிலாப்பூர்: காலை ஆறு மணிக்குப் போங்கள். கபாலீஸ்வரர் தரிசனமும் ஆகும், குளத்தைச் சுற்றி மாட வீதிகளில் நிறுத்த இடம் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. சாயங்காலம் ஆட்டோ. பங்குனித் திருவிழா சமயத்தில் காரை நினைக்கவே நினைக்காதீர்கள்.

மெரினா: மணலை ஒட்டிய உட்சாலையில் நிறுத்தலாம், ஞாயிறு மாலையும் காணும் பொங்கலும் நீங்கலாக.

வண்டலூர் உயிரியல் பூங்கா: செவ்வாய் விடுமுறை. ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருப்பதால் ஊருக்குத் திரும்புகிற நாளுக்கு வைத்துக்கொண்டால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

படி 6: ஒரு நாள் காருக்கு லீவு

இப்போதெல்லாம் நாங்கள் பரங்கிமலைப் பக்கம்தான் தங்குகிறோம். அங்கே மின்சார ரயிலும் உண்டு, மெட்ரோவும் உண்டு. கார் லாட்ஜிலேயே நிற்கும். வேறு பக்கம் தங்குகிறவர்கள் ஆலந்தூர், கோயம்பேடு போன்ற மெட்ரோ நிலையங்களில் காரை விட்டுவிட்டுப் போகலாம். ராத்திரி முழுக்க விடுவதாக இருந்தால் கட்டணத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சென்னையிலேயே ரொம்பப் பிடித்தது மெட்ரோவின் எஸ்கலேட்டர்தான். மெரினாகூட அதற்கு அப்புறம்தான்.

படி 7: தெருவில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால்

நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு: நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு: ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. பஸ் நிறுத்தம், நடைபாதை, தெருமுனை ஆகிய மூன்றும் பலகை இல்லாவிட்டாலும் கூடாது.

வீட்டு கேட்டும் அப்படித்தான். பூட்டியிருக்கிறதே என்று நான் ஒரு கேட் முன்னால் விட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஒரு பெரியவர், கையில் மாத்திரைச் சீட்டோடு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நிற்கிறார். அவர் திட்டவில்லை. "போன் நம்பராவது எழுதி வச்சிட்டுப் போயிருக்கலாமே சார்" என்றார். அன்றிலிருந்து டாஷ்போர்டில் என் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நிறுத்தியவுடன் தெருமுனைப் பெயர்ப்பலகையையும் எதிர்க்கடையையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தெருவிலும் ஒரு மெடிக்கலும் ஒரு பேக்கரியும் இருக்கும், அடையாளத்துக்கு ஆகாது.

படி 8: ஊர் திரும்பிய பிறகு

பத்து, பதினைந்து நாள் கழித்துப் பரிவாகன் இணையதளத்தில் இ-சலான் பகுதிக்குப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் பழைய போன் நம்பர் இருந்தால் குறுஞ்செய்தி உங்களுக்கு வராது. எனக்கு ஒன்று இருந்தது: நோ பார்க்கிங், 500 ரூபாய். அம்மா பூ வாங்க ஐந்தே நிமிடம் நிறுத்தினோமே, அந்த இடம்தான். போட்டோவும் போட்டிருந்தார்கள். பின்கண்ணாடி இறங்கியிருக்கிறது, அம்மாவின் கை வெளியே நீண்டிருக்கிறது, பூக்காரம்மா மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அம்மாவிடம் காட்டினேன். "முழத்தைக் குறைச்சுத்தான் போட்டிருக்கா, பாரு" என்றார்.