குழியை ஈக்யூவால் மூடாதீர்கள்

ஆடி மாசம் வியாசர்பாடியில் கூழ் ஊத்துற தெருவில் ஒரு தம்பி ஸ்பீக்கர் செட் கட்டிக்கொண்டிருந்தான். டாப் (நடு, மேல் ஒலிக்கான பெட்டி) இரண்டு, பதினெட்டு இன்ச் சப் (அடி ஒலிக்கான பேஸ் பெட்டி) நாலு. "அண்ணே, பேஸ் நெஞ்சுல அடிக்கவே மாட்டேங்குது" என்றபடி பிராசசரின் ஈக்யூவில் (ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியை மட்டும் கூட்டிக் குறைக்கும் இடம்) 100 ஹெர்ட்ஸை ஏத்தினான். 3, 6, 9 டிபி (டெசிபல்). பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை. பொறுக்காமல் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

மியூட் எடுக்க மறப்பது, கனெக்டர் சரியாகப் பூட்டாதது எல்லாம் தானே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் காசைத் தின்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

குழிக்கு ஈக்யூ போடுவது

டாப்பும் சப்பும் 100 ஹெர்ட்ஸில் பிரிகின்றன (அதற்கு மேல் டாப், கீழே சப்; இந்தப் பிரிவுதான் கிராஸ்ஓவர்) என்றால், அந்த 100-ஐச் சுற்றி இரண்டுமே பாடும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் அங்கே குழி விழும், அந்த இடத்தில் மட்டும் சத்தம் குறையும். இன்புட் ஈக்யூவை ஏத்தினால் தள்ளுவதும் கூடும், இழுப்பதும் கூடும். குழி அப்படியே கிடக்கும். ஆம்ப்தான் மாட்டிக்கொள்ளும்: 3 டிபிக்கு பவர் இரண்டு மடங்கு, 9 டிபிக்கு எட்டு மடங்கு.

எனக்கு இது நடந்தது காசிமேட்டில், ஒரு கல்யாண ரிசப்ஷனில். இடம் குறுகல் என்று சப்பை முன்னால் வைத்து, டாப்பை 5 அடி பின்னால் ஸ்டாண்டில் நிறுத்தினேன். 5 அடி கடக்க ஒலிக்கு சுமார் 4.4 மில்லிசெகண்ட் ஆகும். 100 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 10 மில்லிசெகண்ட்தான். ஆக, டாப் கிட்டத்தட்ட அரைச் சுற்று பிந்தி வந்தது. நானோ 9 டிபி ஏத்திவிட்டு நிம்மதியாக நின்றேன். கானா தொடங்கி மூன்றாவது பாட்டில் காயில் கருகும் வாசனை. பொண்ணோட மாமா வந்து, "இன்னா நைனா, பொட்டிக்குள்ள வடை சுடுறியா?" என்றார். அன்றைய வாடகை ரீகோன் (கருகிய ஸ்பீக்கருக்குப் புது காயிலும் கோனும்) போடக்கூடப் பத்தவில்லை.

ஈக்யூவை முதலில் ஃப்ளாட் ஆக்குங்கள். ஜனம் நிற்கும் இடத்துக்கு நடுவே நில்லுங்கள். ஒரு பக்கத்து டாப், சப் மட்டும் திறந்து, கிராஸ்ஓவர் ஃப்ரீக்வென்சியில் சைன் டோன் விட்டு லெவலைச் சமமாக்குங்கள். சப் போலாரிட்டியைத் (பிளஸ் மைனஸைத்) திருப்பிவிட்டு, முன்னால் இருக்கும் பெட்டிக்கு டிலே (சிக்னலுக்குச் சிறு தாமதம்) கொடுங்கள். சத்தம் எங்கே நன்றாகச் சாகிறதோ அங்கே நிறுத்தி, போலாரிட்டியைப் பழையபடி வையுங்கள். கூடுவதைவிடச் சாவதைத்தான் காது துல்லியமாகப் பிடிக்கும். டிலேயைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், டேப் வைத்து அளந்த தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள். சைன் டோனுக்கு ஒவ்வொரு சுற்றும் ஒன்றுபோலத்தான், ஒரு சுற்று தள்ளி மாட்டிக்கொண்டால் தெரியவே தெரியாது.

ஸ்லோப்பைக் கலப்பது

கிராஸ்ஓவரைத் தாண்டியதும் சத்தம் எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதுதான் ஸ்லோப்; பட்டர்வொர்த், லிங்க்விட்ஸ்-ரைலி என்பவை அதற்கான ஃபில்டர் வகைகள். டாப்புக்கு ஒன்று, சப்புக்கு வேறொன்று வேண்டாம். 24 டிபி லிங்க்விட்ஸ்-ரைலியை இரண்டு பக்கமும் போட்டால், பிரியும் இடத்தில் இரண்டும் 6 டிபி இறங்கி ஒரே ஃபேஸில் சேரும். 12 டிபி போட்டால் ஒரு பக்கத்தின் போலாரிட்டியைத் திருப்ப வேண்டும்.

அடுத்தவன் ப்ரீசெட்

இன்னொருத்தர் சேமித்து வைத்த செட்டிங்கை அப்படியே போடாதீர்கள். பெட்டி வேறு, கணக்கு வேறு.

ஹை-பாஸ் இல்லாமல் ஹார்னுக்கு சிக்னல்

ஹை-பாஸ் என்பது அடி ஒலியைத் தடுக்கும் ஃபில்டர். அது இல்லாவிட்டால் மேல் ஒலிக்கான ஹார்ன் கெட்டுப்போகும். ஒருமுறைதான் செய்வீர்கள்.

போலாரிட்டியும் டிலேயும் ஒன்றென நினைப்பது

போலாரிட்டி எல்லா ஃப்ரீக்வென்சியையும் ஒரே மாதிரி கவிழ்க்கும். டிலே அப்படி இல்லை. 100-ல் அரைச் சுற்று தள்ளினால், 50-ல் கால் சுற்றுதான். வியாசர்பாடித் தம்பியின் பெட்டிகள் எல்லாம் ஒரே வரிசையில்தான் நின்றன, டிலே கதையே இல்லை. நாலு சப்புக்கும் ஒரே நாளில் புது வயர் போட்டிருக்கிறான், நாலிலும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. ஆம்ப் பக்கத்திலேயே குந்தி மாத்திக் கட்டினோம். ஈக்யூ ஃப்ளாட்டில் பாட்டைப் போட்டதும் கூழ் அண்டா மூடி கடகடவென்று ஆட, ஊத்திக்கொண்டிருந்த அக்கா எங்களைத் திட்ட ஆரம்பித்தார்.