சொற்கள் ஒட்டும் இடத்தில் நேரும் பிழைகள்: ஆங்கிலம் படிக்கும் மாணவர்களுக்கு

‘டிஸப்பியர்’ என்று எழுத ஒரு எஸ்ஸா, இரண்டு எஸ்ஸா? ‘டிஸ்ஸாட்டிஸ்ஃபைட்’ என்று எழுத? பல மாணவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். ஆனாலும் தேர்வில் பேனா தயங்கி நிற்கிறது. சொல்லை முழுசாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. ஒட்டிய இடத்தைப் பார்த்தால் போதும். ‘டிஸ்’ என்ற முன்னொட்டு எஸ்ஸில் முடிகிறது. ‘அப்பியர்’ ஏ-யில் தொடங்குவதால் அங்கே ஒரு எஸ். ‘சாட்டிஸ்ஃபைட்’ எஸ்ஸில் தொடங்குவதால் ஒட்டும் இடத்தில் இரண்டு. ‘மிஸ்’ஸும் ‘ஸ்பெல்’லும் சேர்ந்தாலும் இரண்டு எஸ்தான். ‘அன்’னும் ‘நெசசரி’யும் சேர்ந்தால் இரண்டு என். முன்னொட்டு வந்து சேர்வதால் மூலச்சொல்லில் ஓர் எழுத்துகூடக் கூடாது, குறையாது.

ஆனால் முன்னொட்டே சில சமயம் உருமாறும். எதிர்ப்பொருள் தரும் ‘இன்’ அப்படிப்பட்டது. ‘பாசிபிள்’ முன்னால் வந்தால் ‘இம்பாசிபிள்’, ‘லீகல்’ முன்னால் ‘இல்லீகல்’, ‘ரெகுலர்’ முன்னால் ‘இர்ரெகுலர்’. இவற்றை நான்கு தனித்தனி முன்னொட்டுகளாகப் பட்டியல் போட்டுப் படிப்பது வீண் சிரமம். நான்கும் ஒன்றேதான். லத்தீனிலிருந்து வந்த ‘இன்’, அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப வாயை வளைத்துக்கொள்கிறது. ‘மரம்’ என்ற சொல்லோடு ‘கள்’ சேரும்போது ‘மரங்கள்’ ஆகிறதே, அதே வேலை. மகர மெய் ககரத்துக்கு இடம்கொடுத்து ஙகரமானது போல, ‘இன்’ உதடு கூடும் ஒலிகளுக்கு முன் ‘இம்’ ஆகிறது. புணர்ச்சி படித்த நமக்கு இது புதிய விஷயமே இல்லை.

‘அன்’ வேறு வகை. அது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை, எதற்கு முன்னாலும் மாறாது: அன்பாப்புலர், அன்லிமிட்டட், அன்ரியல். சரி, எந்தச் சொல்லுக்கு ‘அன்’, எதற்கு ‘இன்’ என்று எப்படி அறிவது? இதற்கு முழுமையான விதி கிடையாது. அகராதியைப் பார்த்துப் பழகத்தான் வேண்டும். ஆனால் அதிகம் பேர் தடுக்கி விழும் ஒரு பள்ளத்தை மட்டும் காட்டிவிடலாம். பெயரடையில் ‘அன்’ வந்தால் பெயர்ச்சொல்லிலும் ‘அன்’தான் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. ‘அனேபிள்’, ஆனால் ‘இனெபிலிட்டி’. ‘அனீக்வல்’, ஆனால் ‘இனீக்வாலிட்டி’. ‘அன்ஸ்டேபிள்’, ‘இன்ஸ்டெபிலிட்டி’. ‘அன்ஜஸ்ட்’, ‘இன்ஜஸ்டிஸ்’. அதே நேரம் ‘நெஸ்’ என்று முடியும் பெயர்ச்சொற்களில் ‘அன்’ அப்படியே நிற்கும்: அன்ஹேப்பினெஸ், அன்கைண்ட்னெஸ். ‘அன்சர்ட்டன்டி’ போலத் தனி வழியில் போவதும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. ‘இன்’ என்று தொடங்கும் எல்லாச் சொல்லும் எதிர்ச்சொல் அல்ல. ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பற்றது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பிடிக்காதது என்று நினைத்துவிடாதீர்கள். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதுதான் பொருள். ‘ஃப்ளேமபிள்’ என்றாலும் அதே பொருள்தான். இங்கே பிழை மதிப்பெண்ணோடு போவதில்லை, உயிர்மேல் வந்துவிடும்.

பின்னொட்டுக்கு வருவோம். ‘ஸ்டாப்’போடு ‘இங்’ சேர்ந்தால் இரண்டு பி, ‘ஸ்லீப்’போடு சேர்ந்தால் ஒரு பி. ஏன்? கல்லும் ஐயும் சேர்ந்தால் ‘கல்லை’. தேனும் ஐயும் சேர்ந்தால் ‘தேனை’. தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும், நெடிலுக்குப் பின் இரட்டிக்காது. ஆங்கிலத்திலும் ஓரசைச் சொற்களில் ஏறக்குறைய இதேதான் நடக்கிறது.

சொல் நீளும்போதுதான் இரு மொழிகளும் பிரிகின்றன. ‘அவன்’ என்பதோடு ஐ சேர்ந்தால் தமிழில் ‘அவனை’, இரட்டிப்பு இல்லை, கேள்விக்கே இடமில்லை. ஆங்கிலமோ அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்கும். ‘பிகின்’, ‘ஒக்கர்’, ‘ப்ரிஃபர்’ என்று சொல்லும்போது பின்பாதியில் அழுத்தம் விழுகிறது; அதனால் ‘பிகினிங்’கில் இரண்டு என், ‘ஒக்கர்ட்’டிலும் ‘ப்ரிஃபர்ட்’டிலும் இரண்டு ஆர். ‘விசிட்’, ‘ஆஃபர்’, ‘ஓப்பன்’ ஆகியவற்றில் முன்பாதியில் அழுத்தம். அதனால் ‘விசிட்டட்’, ‘ஆஃபர்ட்’, ‘ஓப்பனிங்’ எதிலும் இரட்டிப்பு இல்லை. ‘ப்ரிஃபர்’ ‘ப்ரெஃபரன்ஸ்’ ஆகும்போது அழுத்தம் முன்னுக்கு நகர்கிறது, உடனே ஓர் ஆர் விழுந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. தமிழில் அழுத்தத்தை மாற்றிச் சொன்னாலும் சொல் மாறாது என்பதால் நம் காது அதைக் கவனிக்கப் பழகவில்லை. எழுதுவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எல்-லில் முடியும் சொற்களில் மட்டும் ஒரு சிக்கல்: ‘ட்ராவலர்’ என்பதைப் பிரிட்டிஷ் முறையில் இரண்டு எல் போட்டும் அமெரிக்க முறையில் ஒரு எல் போட்டும் எழுதுவார்கள். இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் கலக்காமல் இருந்தால் போதும்.

தமிழ் வழிகாட்டுவது போலவே சில இடங்களில் தடம் மாற்றியும் விடும். ‘வேகம்’ ‘வேகமாக’ ஆகிறது, ‘அழகு’ ‘அழகாக’ ஆகிறது. அந்த ‘ஆக’ இருக்கும் இடத்தில் எல்லாம் ‘லி’ போடத் தோன்றுகிறது. அப்படிப் பிறந்ததுதான் ‘ஃபாஸ்ட்லி’. இன்றைய ஆங்கிலத்தில் அப்படி எழுதுவது பிழை. ‘ஃபாஸ்ட்’டே பெயரடை, அதுவே வினையடை. ‘ஹார்ட்லி’ இதைவிட மோசம், ஏனென்றால் அது உண்மையான சொல். ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறார். ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் வேலையே செய்வதில்லை என்கிற அளவுக்கு. நல்லவரைப் பாராட்டப் போய்ப் பழித்துவிடுவோம்.

அப்புறம், ‘டிட் நாட் வென்ட்’. இதைத் திருத்தும்போது ‘டிட்’ வந்தால் மூலவினை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதால்தான் மனதில் நிற்பதில்லை என்று நினைக்கிறேன். தமிழில் ‘போனான் இல்லை’ என்றா சொல்கிறோம்? ‘போகவில்லை’ என்கிறோம். ‘போக’ என்பதில் காலமே இல்லை. அதே போல ஆங்கிலத்தில் காலத்தை ‘டிட்’ தூக்கிக்கொண்டுவிட்டது, ‘கோ’ வெறுமனே நிற்கலாம். ‘டஸ் நாட் கோஸ்’ என்ற பிழையும் இதே வகை.

‘தகவல்கள்’, ‘அறிவுரைகள்’ என்று பழகிய கை ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்று எழுதும். இந்தப் பொருளில் இரண்டுக்கும் பன்மை இல்லை, ‘ஃபர்னிச்சர்’, ‘எக்விப்மென்ட்’ போலவே.

கடைசியாக, ‘போரிங்’கும் ‘போர்ட்’டும். சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து ‘ஐ ஆம் போரிங்’ என்று எழுதுகிறார்கள். கேட்பவருக்கு அது, ‘நான் பிறரைச் சலிப்பூட்டுகிறவன்’ என்றுதான் கேட்கும். உணர்வை உண்டாக்குவதற்கு ‘இங்’, உணர்வுக்கு ஆளாகிறவருக்கு ‘எட்’. பாடம் ‘இன்ட்ரஸ்டிங்’, மாணவர் ‘இன்ட்ரஸ்டட்’. தேர்வு முடிவு ‘சர்ப்ரைசிங்’, அதைப் பார்த்தவர் ‘சர்ப்ரைஸ்ட்’.