ஏடபிள்யூஎஸ் கணக்கில் யாருக்கு என்ன அனுமதி: கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்

வேலையில் சேர்ந்த அன்று ஒருவருக்கு ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) அனுமதி கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அவர் விலகிப் போன பிறகு அவர் கையில் என்னென்ன இருந்தது, எந்த சாவி எந்த சர்வரில் கிடக்கிறது என்று தேடி எடுப்பதுதான் பெரும்பாடு. அவசரத்துக்குக் கொடுத்த அனுமதியை யாரும் தானாகத் திருப்பித் தருவதில்லை. ஆகவே ஒவ்வொரு அனுமதியையும் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: நாளைக்கு இதை எப்படித் திரும்ப வாங்குவேன்? கீழே உள்ள முறைகள் எல்லாம் அந்தக் கேள்வியை வைத்தே தேர்ந்தெடுத்தவை.

முதலில் ரூட் பயனர்

கணக்கு தொடங்கிய மின்னஞ்சல் முகவரிதான் ரூட் பயனர். ஐஏஎம் என்பது அனுமதிகளை நிர்வகிக்கும் ஏடபிள்யூஎஸ் சேவை, அதில் எழுதும் விதித் தொகுப்புதான் பாலிசி. கணக்குக்குள் எழுதும் எந்த ஐஏஎம் பாலிசியும் ரூட்டைக் கட்டுப்படுத்தாது. அதனால் அதை அன்றாட வேலைக்குத் தொடவே கூடாது. அந்த மின்னஞ்சல் தனி ஆளுடையதாக இல்லாமல் நிறுவனத்தின் பொது முகவரியாக இருக்கட்டும். எம்எஃப்ஏ (கடவுச்சொல்லோடு இன்னொரு கருவியின் உறுதிப்பாடும் கேட்கும் முறை) போடுங்கள். ஒரு பயனருக்கு 8 எம்எஃப்ஏ கருவிகள் வரை பதியலாம் என்பதால் குறைந்தது இரண்டைப் பதிந்து, இரண்டாவதை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். ஒரே கைபேசியில் மட்டும் வைத்திருந்தால், கைபேசி தொலையும் அன்று கணக்கும் கைவிட்டுப் போகும். ரூட்டுக்கு அக்சஸ் கீ (நிரல்கள் கணக்குக்குள் நுழையப் பயன்படுத்தும் சாவி) இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

ரூட்டை மூடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கணக்கு அமைப்புப் பக்கத்தில், ஐஏஎம் பயனர்களும் ரோல்களும் (ஆளோ இயந்திரமோ தற்காலிகமாக ஏற்கும் அனுமதி அடையாளங்கள்) பில்லிங் விவரங்களைப் பார்க்கலாம் என்ற சுவிட்சைப் போடுங்கள். இது அணைந்திருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டர்அக்சஸ் என்ற முழு அனுமதிப் பாலிசி வைத்திருப்பவருக்கும் பில் தெரியாது. "முழு அனுமதி கொடுத்தும் கணக்காளரால் பில்லைப் பார்க்க முடியவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆட்களுக்கு ஐஏஎம் பயனர் வேண்டாம்

ஆளுக்கு ஒரு ஐஏஎம் பயனர், ஆளுக்கு ஒரு அக்சஸ் கீ என்பது பழைய பழக்கம். அந்த சாவிக்குக் காலாவதியே கிடையாது. நீங்களாக அழிக்கும் வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். இதற்குப் பதிலாக ஐஏஎம் ஐடென்டிட்டி சென்டரைப் (ஒரே உள்நுழைவில் பல கணக்குகளுக்குள் போக விடும் சேவை) பயன்படுத்துங்கள். 2022 வரை இதன் பெயர் ஏடபிள்யூஎஸ் எஸ்எஸ்ஓ. தனிக் கட்டணம் இல்லை. இதை இயக்கும்போது ஆர்கனைசேஷன்ஸ் (பல கணக்குகளை ஒரே குடையின் கீழ் வைக்கும் சேவை) வழியாக, நிறுவன அளவிலான இன்ஸ்டன்ஸாகவே இயக்க வேண்டும். கணக்கு அளவிலான இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஏடபிள்யூஎஸ் கணக்குக்குள் நுழையும் அனுமதியை அதன் மூலம் கொடுக்க முடியாது. பாதி தூரம் போன பிறகு இது தெரியவந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

பிறகு குழுக்களை உண்டாக்குங்கள். பெயர் வேலையைக் குறிக்கட்டும்: "டெவலப்பர்", "கணக்குப்பிரிவு", "புரொடக்ஷன்-பார்வை". ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெர்மிஷன் செட் (அனுமதிகளின் தொகுப்பு) எழுதி, அதை எந்தக் கணக்கில் பயன்படுத்தலாம் என்று இணைத்துவிடுங்கள். தனி ஆளுக்கு நேரடியாக எதையும் இணைக்காதீர்கள். அப்படி இணைத்த ஒவ்வொன்றும் அவர் வேறு அணிக்கு மாறும்போது உங்கள் கண்ணில் படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். குழுவில் இருந்தால் பெயரை எடுத்த மாத்திரத்தில் புதிய நுழைவு நின்றுவிடும்.

பெர்மிஷன் செட்டின் செஷன் நேரம் வழக்கமாக 1 மணி. 12 மணி வரை நீட்டலாம். நிர்வாகி செட்டுக்கு 1 மணியை மாற்றாதீர்கள். ஒருவரைக் குழுவில் இருந்து நீக்கினாலும் அவர் ஏற்கெனவே திறந்த செஷன் அந்த நேரம் முடியும் வரை உயிரோடு இருக்கும். மற்றவர்களுக்கு 4 முதல் 8 மணி வரை வைத்தால் அடிக்கடி மறு உள்நுழைவு கேட்டுத் தொந்தரவு செய்யாது.

தயாராகக் கிடைக்கும் பாலிசிகளில் தொடங்கலாம். பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. ரீட்ஒன்லிஅக்சஸ் என்றால் ஒன்றும் ஆகாது என்று நினைத்து வெளி ஆடிட்டர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது எஸ்3 (கோப்புச் சேமிப்புச் சேவை) பக்கெட்டில் உள்ள கோப்புகளின் உள்ளடக்கத்தையே படிக்க விடும். வாடிக்கையாளர் ஆவணங்கள் அங்கே இருந்தால் அத்தனையும் அவர் கையில். என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் மட்டும் போதும் என்றால் வியூஒன்லிஅக்சஸ் கொடுங்கள். டெவலப்பர்களுக்குப் பவர்யூசர்அக்சஸ் சோதனைக் கணக்கில் சரி. ஐஏஎம் நிர்வாகத்தை அது பெரும்பாலும் விலக்கியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் புரொடக்ஷன் கணக்கில் வேண்டாம்.

பாலிசி எழுதும்போது

கணக்கீட்டு விதி எளியது. எதுவும் எழுதாவிட்டால் மறுப்பு. எங்காவது அலவ் இருந்தால் அனுமதி. எங்கேயாவது ஒரு டினை இருந்தால், எத்தனை அலவ் இருந்தாலும் மறுப்புதான். ஒரே கணக்குக்குள் என்றால் பயனர் பக்கப் பாலிசியோ, பக்கெட் போன்ற வளத்தின் பாலிசியோ, ஏதாவது ஒன்று அனுமதித்தால் பொதுவாகப் போதும். வேறு கணக்கில் இருந்து வருபவருக்கு இரு பக்கமும் அனுமதிக்க வேண்டும். தரவை மறையாக்கம் செய்யும் கேஎம்எஸ் சாவி இதில் தனி ரகம்: ஒரே கணக்கானாலும் சாவியின் சொந்தப் பாலிசி இடம் கொடுக்காவிட்டால் ஐஏஎம் பாலிசி செல்லாது.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் எஸ்3. அறிக்கைகள் உள்ள ஒரு பக்கெட்டைப் படிக்கும் அனுமதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்3:லிஸ்ட்பக்கெட் என்ற செயல் பக்கெட்டின் மேல் நடப்பது. அதன் ரிசோர்ஸ் பகுதியில் பக்கெட்டின் ஏஆர்என் (ஒவ்வொரு வளத்துக்கும் உள்ள தனித்த முகவரி) மட்டும் வர வேண்டும். எஸ்3:கெட்ஆப்ஜெக்ட் கோப்பின் மேல் நடப்பது. அதற்கு ஏஆர்என்னின் கடைசியில் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே வரியில், ஒரே ஏஆர்என்னோடு எழுதினால் பாலிசி பிழையின்றிச் சேமிக்கப்படும், ஆனால் இரண்டில் ஒன்று வேலை செய்யாது. அந்த எரிச்சலில்தான் பலரும் ரிசோர்ஸில் வெறும் நட்சத்திரத்தைப் போட்டுவிடுகிறார்கள். கணக்கில் உள்ள எல்லாப் பக்கெட்டும் திறந்துகொள்வது அப்படித்தான். இரண்டு தனி ஸ்டேட்மென்டாக எழுதினால் தொல்லையே இல்லை.

மேலே வெர்ஷன் என்ற இடத்தில் 2012-10-17 என்றே எழுதுங்கள். அது நீங்கள் எழுதிய தேதி அல்ல, பாலிசி மொழியின் பதிப்பு. இன்றைய தேதியைப் போட்டால் பிழை வரும். விட்டுவிட்டால் பழைய பதிப்பாக எடுத்துக்கொண்டு பாலிசி மாறிகளை (பயனர் பெயர் போலப் பின்னர் நிரப்பப்படும் இடங்களை) வெறும் எழுத்தாகவே படிக்கும். ஒரு மேனேஜ்டு பாலிசியில் (தனியாகச் சேமித்துப் பல இடங்களில் இணைக்கும் பாலிசி) இடைவெளி நீங்கலாக 6,144 எழுத்துகள் வரைதான் இடம். அதைத் தொட்டுவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் அந்த ரோல் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறது என்று பொருள். பிரித்துவிடுங்கள்.

ஐஏஎம்:பாஸ்ரோல் என்ற செயலை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுக் கொடுங்கள். ஒரு லாம்டாவையோ (சர்வரை நாமே நிர்வகிக்காமல் ஓடும் நிரல்) ஈசி2 சர்வரையோ உண்டாக்கும்போது அதற்கு ஒரு ரோலை ஒப்படைக்கும் உரிமை இது. ரிசோர்ஸில் நட்சத்திரத்தோடு இதை வைத்திருப்பவர், நிர்வாகி ரோலை ஒரு லாம்டாவுக்குக் கொடுத்து, அந்த லாம்டா வழியாகத் தானே நிர்வாகியாகிவிடலாம். எந்தெந்த ரோல்களை ஒப்படைக்கலாம் என்று ஏஆர்என்னோடு எழுதுங்கள். ஐஏஎம்:பாஸ்டுசர்வீஸ் நிபந்தனையைச் சேர்த்து எந்தச் சேவைக்கு என்பதையும் கட்டுங்கள்.

இயந்திரங்களுக்கு ரோல்

சர்வரில் ஓடும் செயலிக்கு அக்சஸ் கீயைக் கோப்பில் எழுதி வைக்காதீர்கள். ஈசி2, லாம்டா, ஈசிஎஸ் (கன்டெய்னர்களை ஓட்டும் சேவை) எல்லாவற்றுக்கும் ரோலை இணைக்கலாம். தற்காலிகச் சாவி தானாக வந்து தானாக மாறும். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (கிட்ஹப்பின் தானியங்கி வேலைகள்) இருந்து டிப்ளாய் செய்கிறீர்கள் (நிரலை இயக்கத்தில் ஏற்றுகிறீர்கள்) என்றால் ஓஐடிசி (நிலையான சாவி இல்லாமல் அடையாளத்தை நிரூபிக்கும் முறை) மூலம் ரோலை எடுக்க விடுங்கள். ரோலின் டிரஸ்ட் பாலிசியில் (அதை யார் எடுக்கலாம் என்று சொல்வது) சப் (கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்ற அடையாளம்) நிபந்தனைக்கு ரெப்போவின் பெயரோடு கிளையின் பெயரையும் முழுதாக எழுதுங்கள். அங்கே நட்சத்திரத்தை விட்டால் யாரோ சோதனைக்குத் திறந்த கிளையும் புரொடக்ஷனுக்கு டிப்ளாய் செய்யலாம்.

ரோல் கொடுத்தால் மட்டும் ஆபத்து தீராது. அது அளவாக இருக்க வேண்டும். 2019இல் கேப்பிடல் ஒன் வங்கியில் சுமார் 10.6 கோடிப் பேரின் தகவல் வெளியே போனது. தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வாலின் வழியாக அந்த சர்வரின் ரோலுக்கான தற்காலிகச் சாவி எடுக்கப்பட்டது. அந்த ரோலுக்குப் பக்கெட்டுகளைப் பட்டியலிடவும் படிக்கவும் அனுமதி இருந்தது. ஃபயர்வாலுக்கு வாடிக்கையாளர் கோப்புகளில் என்ன வேலை? ஈசி2 உண்டாக்கும்போது ஐஎம்டிஎஸ்வி2 (சர்வருக்குத் தற்காலிகச் சாவி தரும் சேவையின், முதலில் டோக்கன் கேட்கும் பதிப்பு) கட்டாயம் என்று அமைத்தால் இந்த வகைத் திருட்டு மிகவும் கடினமாகும்.

எப்படியும் அக்சஸ் கீதான் வேண்டும் என்று ஒரு பழைய மென்பொருள் அடம்பிடித்தால், அதற்கென்று தனி ஐஏஎம் பயனர். ஒரு பயனருக்கு இரண்டு சாவிகள் வரை வைக்கலாம். சாவியை மாற்றும்போது அந்த இரண்டாவது இடம் உதவும். புதியதை உண்டாக்குங்கள், மென்பொருளில் மாற்றுங்கள், பழையது கடைசியாக எப்போது பயன்பட்டது என்று சில நாள் கவனியுங்கள், பிறகு முடக்குங்கள். உடனே அழிக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை ஓடும் நிரல் ஒன்று அதை நம்பி இருக்கலாம். முடக்கிய சாவியை மீண்டும் இயக்கலாம், அழித்தது வராது.

அக்சஸ் டினைட் வந்தால்

உடனே அனுமதியைக் கூட்டாமல் பிழைச் செய்தியைக் கடைசி வரை படியுங்கள். எந்தப் பாலிசியும் அனுமதிக்கவில்லை என்றால் அலவ் சேர்க்க வேண்டும். வெளிப்படையான டினை என்றால் எத்தனை அலவ் சேர்த்தும் பயனில்லை. டினை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஆர்கனைசேஷன்ஸின் எஸ்சிபி (கணக்குகள் மேல் போடும் உச்சவரம்பு), பெர்மிஷன் பவுண்டரி (ஒரு பயனர் அல்லது ரோல் மேல் போடும் உச்சவரம்பு), பக்கெட் பாலிசி என்ற வரிசையில் பாருங்கள். எஸ்3 அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு திறக்கவில்லை என்றால், அது கேஎம்எஸ் சாவியால் பூட்டப்பட்டு கேஎம்எஸ்:டிக்ரிப்ட் விடுபட்டிருக்கலாம். ஈசி2 சில நேரம் புரியாத நீண்ட எழுத்துச் சரத்தைத் தரும்; தற்காலிகச் சாவிகளைத் தரும் எஸ்டிஎஸ் சேவையின் டிகோட்-ஆதரைசேஷன்-மெசேஜ் கட்டளை அதைப் பிரித்துக் காட்டும். இப்போதுதான் பாலிசியை மாற்றினீர்கள் என்றால் சற்றுப் பொறுங்கள். ஐஏஎம் மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவக் கொஞ்ச நேரம் ஆகும்.

எல்லாருக்கும் டினை எழுதிய பக்கெட் பாலிசியால் நிர்வாகியே வெளியே நிற்கிறார் என்றால், பூட்டி வைத்த ரூட்டை எடுக்கும் அரிய சந்தர்ப்பம் அது. அந்தப் பாலிசியை ரூட் நீக்கலாம்.

திரும்ப வாங்குவது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு இடங்களைப் பாருங்கள். ஐஏஎம்மின் கிரெடென்ஷியல் ரிப்போர்ட் ஒரு சிஎஸ்வி கோப்பு. எந்தப் பயனருக்கு எம்எஃப்ஏ இல்லை, எந்த சாவி எப்போது கடைசியாகப் பயன்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். 90 நாள் தொடாத சாவியை முடக்குங்கள். அடுத்து ஒவ்வொரு ரோலிலும் உள்ள லாஸ்ட் அக்சஸ்டு பக்கம், எந்தச் சேவையை எப்போது கடைசியாகத் தொட்டது என்று காட்டும். புதிய ரோலுக்கு எவ்வளவு அனுமதி என்று தெரியாமல் தவித்தால், சோதனைக் கணக்கில் சற்றுத் தாராளமாகக் கொடுத்துச் சில வாரம் ஓடவிடுங்கள். ஐஏஎம்மின் அக்சஸ் அனலைசர் கருவி, கிளவுட்டிரெயில் (கணக்கில் யார் என்ன செய்தார் என்று குறித்து வைக்கும் சேவை) பதிவுகளில் 90 நாள் வரை பார்த்து ஒரு பாலிசி வரைவைத் தரும். வருடக் கடைசியில் மட்டும் ஓடும் வேலைகள் அதில் வராது, அவற்றைக் கையால் சேர்க்க வேண்டும்.

ஒருவர் விலகும் நாளில் ஐடென்டிட்டி சென்டரில் அவரை முடக்குங்கள். பிறகு அவர் பெயரில் பழைய ஐஏஎம் பயனர் இருக்கிறதா என்று தேடுங்கள், பல இடங்களில் இருக்கும். சாவி கசிந்துவிட்டது என்றால் அதை முடக்குவதோடு நிற்காதீர்கள். அந்த சாவியை வைத்து ஏற்கெனவே வாங்கிய தற்காலிகச் சாவி 36 மணி நேரம் வரை செல்லலாம். பயனரின் மேல் எல்லாவற்றையும் மறுக்கும் ஏடபிள்யூஎஸ்டினைஆல் பாலிசியை இணைத்தால் அதுவும் நிற்கும். ரோல் என்றால் அதன் பக்கத்தில் ரிவோக் செஷன்ஸ் இருக்கிறது. அந்த நொடிக்கு முன் திறந்த எல்லா செஷனையும் மறுத்துவிடும், புதியவை வழக்கம்போல நடக்கும். அதன் பிறகு கிளவுட்டிரெயிலில் கிரியேட்யூசர், கிரியேட்அக்சஸ்கீ, அட்டாச்ரோல்பாலிசி, அப்டேட்அஸ்யூம்ரோல்பாலிசி ஆகிய நான்கையும் தேடுங்கள். உள்ளே வந்தவர் திரும்பி வர வழி செய்துவைத்திருந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.