பங்குனி ஆமை கரையேறும் மாதங்களில் கடற்கரையில் நடந்துகொள்வது எப்படி?

சென்னையின் பெசன்ட் நகர், நீலாங்கரை கடற்கரைகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி எனும் கடலாமைகள்) இரவில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் சுமார் 100 முட்டைகள். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும் என்பதால் மே வரை கவனம் தேவை.

பெரிய கேடு வெளிச்சம்தான். குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். இருட்டில் அது கடல். கரையில் விளக்கு எரிந்தால் சாலைப் பக்கம் திரும்பி மடியும். கடலோர வீடுகளில் மாடி, வாசல் விளக்குகளை அணையுங்கள். செல்போன் டார்ச்சும் ஃபிளாஷும் கூடவே கூடாது. தவிர்க்க முடியாவிட்டால், மங்கலான சிவப்பு விளக்கைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள்.

ஆமை ஏறி வருவதைக் கண்டால் நின்ற இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள். மிரண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குழி தோண்டி, இட்டு, மூடி முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதுவரை எதிரே போகாமல் பின்பக்கம் தள்ளியே இருங்கள். முட்டையை எடுப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பிள்ளைகள் தோண்டிய பள்ளங்களைக் கிளம்பும்முன் மூடுங்கள்: விழும் குஞ்சு நண்டுக்கும் காகத்துக்கும் இரையாகும். மீந்த சாப்பாட்டைப் போட்டால் நாய்கள் வரும், முட்டைக் குழியையும் கிளறும்.

வழிதவறிய குஞ்சைத் தண்ணீர் வாளியில் போடாதீர்கள். நீந்தி நீந்தியே களைத்துவிடும். ஈரமணல் பரப்பிய பெட்டியில், இருட்டில் வைத்து, வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள்.