கல்லூரிக்கு முன்பணம் கட்டும் முன் எதை, எங்கே சரிபார்ப்பது

மலேசியாவில் இடைநிலைப்பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவுகள் வெளியான வாரத்திலேயே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களுக்குக் கல்லூரி முகவர்கள் வந்துவிடுகிறார்கள். கோயில் மண்டபத்தில் ஒரு மேசை, வழவழப்பான கையேடு, இன்றே பதிந்தால் கட்டணத்தில் கழிவு என்ற அவசரம், அதோடு “அண்ணே, எல்லாம் கவர்மண்டு அங்கீகாரம் உள்ளதுதான்” என்ற உறுதிமொழி. பல ஆண்டுகளாக இவ்வூரில் பெற்றோருக்கு விண்ணப்பப் பாரங்கள் நிரப்பித் தருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த முகவர் பொய் சொல்கிறார் என்று எப்போதும் கொள்ள வேண்டியதில்லை, ஆனால் எந்த அங்கீகாரம், யார் தந்தது, எந்தப் படிப்புக்குத் தந்தது என்று கேட்காதவரை அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

முதலில், எவை அங்கீகாரம் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கையேட்டின் அடியில் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) என்ற பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண் மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவு எண்; மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்கும் அப்படி ஓர் எண் உண்டு. மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கார்ப்பின் முத்திரை, முதலாளிகள் செலுத்தும் தீர்வைப் பணத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்தத் தகுதி பெற்றதைக் குறிக்கிறதே தவிர, அங்கே படித்துப் பெறும் சான்றிதழுக்கு மதிப்பளிப்பதில்லை. கல்வி அமைச்சில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற மையம் சட்டப்படி நடக்கும் மையமாக இருக்கலாம். ஆனால் டியூஷன் மையமும் அதே சட்டத்தின் கீழ்தான் பதிவாகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

டிப்ளோமா, பட்டம் ஆகியவற்றை வழங்கும் தனியார் கல்லூரியாக இருந்தால், அதைக் கட்டுப்படுத்துவது 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டம், அதாவது சட்டம் 555. நிறுவனத்தைத் தொடங்க அனுமதி, நிறுவனப் பதிவு, ஒவ்வொரு படிப்பையும் நடத்த அனுமதி என்று படிப்படியாக உயர்கல்வி அமைச்சிடம் அது பெற வேண்டும். இவற்றுக்கு அப்பால் படிப்பின் தரத்தைப் பார்ப்பது எம்.கியூ.ஏ. (MQA) எனப்படும் மலேசியத் தகுதி முகமை. தேசிய அங்கீகார வாரியம் என்று முன்பு இருந்ததையும் அமைச்சின் தர உறுதிப் பிரிவையும் இணைத்து 2007 நவம்பர் 1ஆம் தேதி அம்முகமை அமைக்கப்பட்டது. ஆகவே ‘கல்லூரி பதிவானதா’ என்பது ஒரு கேள்வி, ‘இந்தப் படிப்பை நடத்த அனுமதி உண்டா’ என்பது இரண்டாவது, ‘இந்தப் படிப்பு தர அங்கீகாரம் பெற்றதா’ என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குக் கிடைத்த ‘ஆம்’ என்ற விடையை மற்ற இரண்டுக்கும் சேர்த்துக்கொள்வதுதான் நம் மக்கள் அதிகமாகச் செய்யும் பிழை.

இந்த மூன்றுக்கும் விடை பெரும்பாலும் கையேட்டிலேயே, கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தில் அச்சாகியிருக்கும். ‘டி.கே.’ (DK) என்று தொடங்கும் எண் கல்லூரியின் பதிவு எண். பல்கலைக்கழகக் கல்லூரிக்கு ‘டி.கே.யூ.’ (DKU) என்றும் பல்கலைக்கழகத்துக்கு ‘டி.யூ.’ (DU) என்றும் தொடங்கும். படிப்புக்கு உரிய அனுமதி எண்ணில் ‘என்’ (N) அல்லது ‘ஆர்’ (R) என்ற எழுத்து முதலில் வரும். ‘என்’ புதிய அனுமதி, ‘ஆர்’ புதுப்பிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பாடத்துறையைக் குறிக்கும் மூன்று அல்லது நான்கு இலக்க எண், அதன்பின் சாய்கோட்டுக்கு அடுத்து ஒரே ஓர் இலக்கம். அந்த ஒற்றை இலக்கத்தைத்தான் நான் எல்லாரையும் பார்க்கச் சொல்வேன். அது, கல்வித் தகுதிகளை நிலைகளாக வகுக்கும் மலேசியத் தகுதிக் கட்டமைப்பின் நிலையைக் காட்டுகிறது: 3 என்றால் சான்றிதழ், 4 என்றால் டிப்ளோமா, 6 என்றால் இளங்கலைப் பட்டம். ஒரு முறை பக்கத்து லயத்துப் பெண்ணுக்காக ஒரு கல்லூரியின் கடிதத்தைப் பார்த்தபோது, முகவர் வாய் நிறைய டிப்ளோமா என்று சொல்லியிருந்த படிப்புக்கு அந்த இடத்தில் 3 என்று இருந்தது. கேட்டதற்கு, ‘முதலில் சான்றிதழ், பிறகு டிப்ளோமா’ என்று விளக்கம் வந்தது. அந்த ‘பிறகு’க்கு உரிய கட்டணம் கடிதத்தில் இல்லை.

அதே வரியில் எம்.கியூ.ஏ. என்ற சொல்லை அடுத்து ‘பி.ஏ.’ (PA) என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம், ‘எஃப்.ஏ.’ (FA) என்று இருந்தால் முழு அங்கீகாரம். தற்காலிகம் என்றவுடன் ஓடிவிட வேண்டியதில்லை. புதிய படிப்பு எதுவும் அப்படித்தான் தொடங்கும். முதல் தொகுதி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போது கல்லூரி முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும். படிப்பு தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகி, மாணவர்களும் படித்து வெளியேறிய பிறகு இன்னும் தற்காலிகமாகவே இருந்தால் மட்டும் காரணம் கேட்க வேண்டும்.

கையேட்டில் உள்ளதை நம்புவதோடு நில்லாமல், முகமையின் இணையத்தளத்தில் உள்ள மலேசியத் தகுதிகள் பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். கைப்பேசியிலேயே பார்க்கலாம், கட்டணம் இல்லை. முழு அங்கீகாரம் பெற்றவை பதிவேட்டிலும், தற்காலிக அங்கீகாரம் பெற்றவை தனிப் பட்டியலிலும் இருக்கும். படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நிற்காமல் முகவரியையும் பயிலும் முறையையும் பாருங்கள். கோலாலம்பூர் வளாகத்துக்குத் தரப்பட்ட அங்கீகாரம் ஈப்போ கிளைக்குத் தானாக வந்துவிடாது. முழுநேரப் படிப்புக்குத் தந்தது வார இறுதி வகுப்புக்குப் பொருந்தும் என்றும் கொள்ள முடியாது. நம் பிள்ளைகள் பலர் தினமும் பேருந்தில் போய்வரும் தூரம் என்பதற்காகவே ஈப்போவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆதலால் இந்த ஒரு சரிபார்ப்பை விட்டுவிடவே கூடாது.

தொழிற்பயிற்சி மையங்களின் கதை வேறு. வாகனப் பழுதுபார்ப்பு, பற்றவைப்பு, குளிர்சாதனம், சமையல், சிகை அலங்காரம் போன்றவற்றைக் கற்பிக்கும் மையங்கள் மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறையின் பார்வைக்கு உட்பட்டவை. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 652, அத்துறைக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. அது வழங்கும் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் 1 முதல் 3 வரையான நிலைகளில் அமையும். 4ஆம் நிலை திறன் டிப்ளோமா, 5ஆம் நிலை உயர்நிலைத் திறன் டிப்ளோமா. ஒரு மையத்தைத் துறை அங்கீகரிப்பதும் ஒட்டுமொத்தமாக அன்று. குறிப்பிட்ட தொழிலுக்கு, குறிப்பிட்ட நிலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு. இரண்டாம் நிலை பற்றவைப்புக்கு அனுமதி பெற்ற மையம், அதே வாசலில் அனுமதி இல்லாத மூன்றாம் நிலைக்கும் ஆள் சேர்க்கக்கூடும். எனவே மையத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “இந்தத் தொழிலின் தேசியத் திறன் தரக் குறியீடு என்ன, எந்த நிலைவரை உங்களுக்கு அங்கீகாரம், அது எந்தத் தேதியில் முடிகிறது?” நேர்மையான மையம் சுவரில் மாட்டியிருக்கும் சான்றைக் கழற்றிக்கூடக் காட்டும். ‘எங்கள் சொந்தச் சான்றிதழே போதும், வேலை கிடைக்கும்’ என்று பதில் வந்தால், நீங்கள் வாங்கப்போவது எஸ்.கே.எம். அன்று என்று தெளிக.

சில தொழில்களுக்கு இவற்றுக்கும் மேலே இன்னொரு கதவு உண்டு. தாதிமைப் படிப்பு முடித்தவர் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற்றால்தான் தாதியாகப் பணிபுரிய முடியும். மின்கம்பி பொருத்துநர் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று தேவை. படிப்பு அந்தக் கதவு வரை கொண்டுபோய் விடுகிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கடனுதவியும் ஒரு நல்ல சோதனைக் கல். உயர்கல்விக் கடன் தரும் பி.டி.பி.டி.என்., அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பணம் தராது. திறன் பயிற்சிக்குக் கடன் தரும் பி.டி.பி.கே. திறன் மேம்பாட்டுத் துறை அங்கீகரித்த மையங்களையே கணக்கில் கொள்ளும். ‘கடன் கட்டாயம் கிடைக்கும்’ என்பார் முகவர். அவர் சொல்லை விட்டுவிட்டு, முன்பணம் கட்டும் முன்பே அந்த நிறுவனங்களிடம் படிப்பின் குறியீட்டைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். (நம் ஊரிலேயே இருக்கும் சமூகக் கல்லூரி அரசாங்கத்தினுடையது என்பதால் மேற்சொன்ன தனியார் சட்டம் அதற்குப் பொருந்தாது; தனியார் மையத்தின் கட்டணத்தைப் பார்க்கும் முன் அங்கேயும் ஒரு முறை விசாரித்துவிடுவது நல்லது.)

பணம் கட்டும் நாளில், நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே செலுத்துங்கள். முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு வெள்ளிகூட வேண்டாம். அசல் எஸ்.பி.எம். சான்றிதழைக் கல்லூரியில் விட்டுவராமல் சான்றுறுதி செய்த நகலைக் கொடுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்ற விதியைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கல் வந்தால், கல்லூரி குறித்த முறையீட்டை உயர்கல்வி அமைச்சின் உயர்கல்வித் துறைக்கும், பயிற்சி மையம் குறித்ததைத் திறன் மேம்பாட்டுத் துறைக்கும் அனுப்ப வேண்டும். இடம் மாற்றி அனுப்பினால் மாதங்கள் வீணாகும். பணத்தைத் திரும்பப் பெறுவதற்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, நாமே பேசலாம். அங்கு போகும்போது கையேடு, ரசீது, சேர்க்கைக் கடிதம், முகவர் அனுப்பிய வாட்சாப் செய்திகளின் அச்சுப்படி ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். செய்திகளை அச்செடுக்கும்போது அவற்றை அனுப்பியவரின் தொலைபேசி எண்ணும் தேதியும் பக்கத்தில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.