பசிக்க நேரம் கொடுங்கள்: குழந்தைகளின் நொறுக்குத் தீனியில் நாம் செய்யும் தவறுகள்

என் மகனுக்கு அப்போது நாலு வயது. "பிள்ள சோறே திங்க மாட்டேங்கான், ஏதாவது டானிக் வாங்கிக் கொடு" என்று என் அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, என்னதான் சாப்பிடுகிறான் என்று பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவன் வாய்க்குள் போனதையெல்லாம் எழுதினேன்.

ஆறே முக்காலுக்கு சத்து மாவு பவுடர் கலந்த பால், கூடவே இரண்டு பிஸ்கட். எட்டரைக்கு அரை இட்லி. ஒன்பதரைக்கு ஒரு வாழைப்பழம். பத்தேகாலுக்கு ஒரு கை காராச்சேவு. தாத்தாவோடு பேப்பர் வாங்கப் போனவன் பெட்டிக்கடையிலிருந்து ஜெல்லி மிட்டாயோடு திரும்பினான். பன்னிரண்டுக்கு டிவி முன்னால் மறுபடியும் பிஸ்கட், இந்த முறை க்ரீம் வைத்தது. பன்னிரண்டே முக்காலுக்குச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல். மூன்று வாய். "போதும்மா."

அவன் அடம்பிடிக்கவில்லை. உண்மையிலேயே போதும்தான்.

இடைவேளையில் பிள்ளைக்குத் தின்னக் கொடுக்கலாமா கூடாதா என்று பல வீடுகளில் இரண்டு கட்சி உண்டு. "வளர்ற பிள்ள, கேட்டா கொடு" என்பது ஒன்று. "ஒண்ணும் கொடுக்காத, அப்பதான் சோறு இறங்கும்" என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சி நினைப்பதுபோல் இடைத்தீனி தேவையில்லாத ஒன்று அல்ல. சின்ன வயிறு, பெரியவர்கள்போல் மூன்று வேளையில் ஒரு நாளுக்கு வேண்டியதை நிரப்பிக்கொள்ள முடியாது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மூன்று நான்கு வேளைச் சாப்பாட்டோடு, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு சிற்றுண்டியும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆக, கொடுக்கலாம். கெடுப்பது தீனியல்ல, தீனிக்கும் தீனிக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் போவதுதான்.

டப்பாவை எட்டும் உயரத்தில் திறந்தே வைப்பது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. அரை மணிக்கு ஒருமுறை ஒரு கை சேவு, ஒரு பிஸ்கட் என்று போய்க்கொண்டே இருந்தால், குழந்தைக்குப் பசி என்பது எப்படி இருக்கும் என்றே தெரியாது. முழுப் பசியும் வராது, முழு வயிறும் நிறையாது. சோற்றுத் தட்டு வரும்போது அரை வயிறோடு உட்காரும்.

வயிற்றைவிடப் பல்லுக்கு இது கேடு. இனிப்போ மாவோ வாயில் போனதும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் சில நிமிடங்களிலேயே அமிலம் சுரக்கத் தொடங்கிவிடும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்தால், பல் நாள் முழுக்க அமிலத்தில் ஊறிக்கொண்டே இருக்கும். 1940களில் ஸ்வீடனின் விபேஹோல்ம் மருத்துவமனையில் நடந்த ஆய்வில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களைவிட, சாப்பாட்டுக்கு இடையே பல்லில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குப் பல் மிக வேகமாகச் சொத்தையானது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளை அவர்களுக்கே தெரியாமல் பலியாக்கிய ஆய்வு அது. இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் ஸ்வீடனில் மிட்டாய் சனிக்கிழமைக்கு மட்டும் என்ற பழக்கம் பரவியது.

"சேவும் முறுக்கும் இனிப்பில்லையே?" என்று என் அப்பா கேட்டார். காரமாக இருந்தாலும் மாவு மாவுதான். கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொண்டால் உமிழ்நீரே அதைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கிவிடும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் நடுவே ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று. நடுவில் தண்ணீர் மட்டும். இரண்டு, இரண்டரை மணி நேர இடைவெளி இருந்தால் பசி தானாக வந்துவிடும்.

பாலைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

"ஒண்ணுமே சாப்பிடல, பால் மட்டும்தான் குடிச்சான்" என்போம். பாலும் சாப்பாடுதான். ஒரு டம்ளர் பால் குடித்த நாலு வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்துக்குச் சோற்றைத் திரும்பிப் பார்க்காது. நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் போனால் இன்னொரு தொல்லையும் உண்டு: பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றில் பாலே இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கீரைக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் இடமிருக்காது, ரத்தசோகை வரும். ரத்தசோகை வந்தால் பசியும் குறையும். உடனே "டானிக் வாங்கிக் கொடு".

பாலில் கலக்கும் பவுடர் பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நாலு கிராம் சர்க்கரை ஒரு டீஸ்பூன்.

சோறு இறங்காததற்கு ஈடாக பிஸ்கட் கொடுப்பது

மூன்று வாயோடு எழுந்துபோன பிள்ளையைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். "பாவம், வெறும் வயிறா இருக்கான்" என்று ஒன்றேகாலுக்கு இரண்டு பிஸ்கட் கையில் கொடுப்போம். எங்கள் வீட்டில் இதைத்தான் நிறுத்தக் கஷ்டப்பட்டோம். பிள்ளைகள் புத்திசாலிகள். சோற்றைத் தள்ளினால் அரை மணியில் பிஸ்கட் வரும் என்று இரண்டே நாளில் படித்துவிடுவார்கள்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதற்கு ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர்கள் பாடு. எவ்வளவு, அல்லது வேண்டவே வேண்டாமா என்பது பிள்ளையின் பாடு. மூன்று வாய் போதும் என்றால் சரி, விட்டுவிட வேண்டியதுதான். அடுத்தது நாலு மணிக்கு. முதல் மூன்று நாள் வீடு இரண்டுபடும். அழுகையைவிட ஆச்சியின் முகத்தைப் பார்ப்பதுதான் சிரமம். (எடை குறைந்துகொண்டே வரும் பிள்ளை, ஏதாவது நோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் இந்த விளையாட்டு வேண்டாம், முதலில் டாக்டர்.)

பரண்மேல் ஒளித்து வைப்பது

நான் அடுத்து செய்த தவறு இது. காலண்டர் தாளைப் பார்த்த கோபத்தில் எல்லா டப்பாவையும் பரண்மேல் ஏற்றினேன். அன்றிலிருந்து அவன் பேச்செல்லாம் பரணைப் பற்றியே. அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில் இதையேதான் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் கண்ணெதிரே பிஸ்கட்டை வைத்துவிட்டு, சில நிமிடம் மட்டும்தான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். பிள்ளைகளுக்கு வேறு நினைப்பே இல்லை. அதைப் பற்றியே பேச்சு, அதையே கேட்டு நச்சரிப்பு. ஆகவே தீபாவளிக்கு அதிரசம் சுட்டால் பிள்ளையும் தின்னட்டும். நாலு மணிக்கு, தட்டில் வைத்து, உட்கார்ந்து.

"சோறு சாப்பிட்டா சாக்லேட்" என்பதும் இந்த வகைதான். சோறு தண்டனை, சாக்லேட் பரிசு என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் பல்லுக்குச் சர்க்கரைதான். தேனை ஒரு வயதுக்குள் தொடவே கூடாது, நாக்கில் தடவும் சடங்கு உட்பட. பழம் கொடுங்கள், ஜூஸ் வேண்டாம். 'கோதுமை' என்று முன்பக்கம் பெரிதாக எழுதிய பிஸ்கட்டின் பின்பக்கத்தில் சேர்மானங்களைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். மைதா முதலில் இருந்தால் அது மைதா பிஸ்கட். கோவில்பட்டிக் கடலை மிட்டாயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நல்ல பண்டம். ஆனால் பல்லில் ஒட்டும். தின்றதும் வாய் கொப்பளிக்கப் பழக்க வேண்டும். நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முழு வேர்க்கடலையோ முழுத் திராட்சையோ கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். ஓடிக்கொண்டே தின்பது எந்த வயதிலும் ஆபத்து.

பள்ளிக்கூட வாசல் தனிக் கதை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தீனியைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டது. என் மகன் படிக்கும் பள்ளி வாசலில் அந்த 50 மீட்டரை யாரும் டேப் வைத்து அளந்ததாகத் தெரியவில்லை.

நாலு மணிப் பசியை லேசாக நினைப்பது

பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு வருவது கொறிக்கும் ஆசை அல்ல, நிஜப் பசி. லஞ்ச் பாக்ஸைத் திறந்து பார்த்தால் பாதி அப்படியே இருக்கும். அந்தப் பசிக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதுதான் நஷ்டம். ஒரு தோசை ஊற்றிக் கொடுப்பதில் என்ன தப்பு? காலையில் மிஞ்சிய இட்லியில் பொடியும் நல்லெண்ணெயும் தடவியது, சுண்டல், புட்டும் பழமும், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தை மாதமென்றால் பனங்கிழங்கு. எதுவும் இல்லாத நாளில் ஒரு கொய்யாவை நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவுவேன்.

தாத்தாவை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்கப் போகிறவர் இன்றும் பெட்டிக்கடையில் நின்று ஏதாவது வாங்கத்தான் செய்கிறார். ஆனால் அதைச் சட்டைப் பையில் போட்டு, நாலு மணி வரை எடுப்பதில்லை. மகன் அந்தப் பையையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். "சின்ன முள்ளு நாலுக்கு வந்துட்டா தாத்தா? பெரிய முள்ளு பன்னிரண்டுக்குப் போவணும்லா?" பள்ளியில் கடிகாரப் பாடம் நடத்துவதற்கு முன்பே அவன் மணி பார்க்கக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.