பிராக்ஸி தடுத்த தளத்தைத் திறக்கும்போது நடக்கும் தவறுகள்

ஓசூர் சிப்காட்டில் லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது, சரக்கு கொண்டுசெல்ல ஜிஎஸ்டியில் எடுக்கும் இ-வே பில்லுக்கான தளம் திறக்கவில்லை. வேறு மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கை அந்த பில் இல்லாமல் அனுப்ப முடியாது என்பதால் டிஸ்பாட்சிலிருந்து போன் மேல் போன். இந்த நெருக்கடியில் பலரும் பில் போடும் கம்ப்யூட்டரையே பிராக்ஸியிலிருந்து, அதாவது ஆபீஸ் இணையக் கோரிக்கைகளை நடுவில் நின்று அனுமதிக்கும் அல்லது தடுக்கும் சர்வரிலிருந்து, பைபாஸ் செய்துவிடுகிறார்கள். லாரி கிளம்பிவிடும், பைபாஸ் அப்படியே நின்றுவிடும். எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் இணையத்தில் திரியும் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசுக்குள் இருக்கிறது என்பதே மறந்துபோகும். இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான்.

திறக்காத தளமெல்லாம் பிராக்ஸி தடுத்த தளம் அல்ல. பிரவுசரில் தெரியும் பிழை எண்ணைப் பாருங்கள். 407 வந்தால் பிராக்ஸி லாகின் கேட்கிறது. 502, 504 வந்தால் அனுமதி கிடைத்துவிட்டது, அந்தப் பக்கத்து சர்வர்தான் சரியாகப் பதில் தரவில்லை. மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் கடைசி நாளில் தளம் திணறினால், அதற்காக பிராக்ஸி பாலிசியில் (எதை அனுமதிக்கலாம், எதைத் தடுக்கலாம் என்ற ரூல்களில்) கை வைக்க வேண்டாம். எச்டிடிபிஎஸ் தளங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. பிராக்ஸி தடுத்தாலும் அதன் அறிவிப்புப் பக்கம் பெரும்பாலும் தெரியாது. டனல் (பிராக்ஸி வழியாகத் தளத்துக்குப் போகும் பாதை) இணைப்பு தோல்வி என்று மட்டும் பிரவுசர் காட்டும். நெட் போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள்.

அதனால் முதலில் பிராக்ஸி ஒவ்வொரு கோரிக்கையையும் பதிவு செய்யும் ஆக்சஸ் லாக்கைத் திறங்கள். உங்கள் பிராக்ஸி மென்பொருள் ஸ்க்விட் என்றால் அந்த கம்ப்யூட்டரின் ஐபியைத் தேடினால் போதும், தடுக்கப்பட்டிருந்தால் 403-உடன் டினைடு (மறுக்கப்பட்டது) என்ற வரி இருக்கும். அந்த வரியே இல்லையென்றால் கோரிக்கை பிராக்ஸியிடம் மறுக்கப்படவில்லை, வேறு இடத்தில் தேட வேண்டும்.

ரூல் வரிசையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஸ்க்விட் மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்தும் ரூலோடு நின்றுவிடும். எல்லாவற்றையும் மறுக்கும் வரிக்குக் கீழே அலோ ரூல் எழுதினால் அது எழுதாததற்குச் சமம். அப்புறம், ஒரே வரியில் இரண்டு ஏசிஎல் (யார், எந்தத் தளம் என்று சொல்லும் நிபந்தனை) போட்டால் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கோ டிஸ்பாட்சுக்கோ என்று நினைத்து ஒரே வரியில் எழுதினால் இரண்டு பேருக்கும் கிடைக்காது.

ரூலில் டொமைன் பெயருக்கு முன்னால் புள்ளி வைக்காவிட்டால் அதன் கீழ் வரும் சப்டொமைன்கள் சேராது. பக்கம் திறந்து கேப்ச்சா மட்டும் வரவில்லையா? அது வேறு டொமைனிலிருந்து வரலாம். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள்.

சொல்லை வைத்துத் தடுப்பதை நான் அறவே பரிந்துரைக்க மாட்டேன். சூதாட்டத்தை நிறுத்த 'பெட்' என்று போட்டால், முகவரியில் 'டயாபெட்டிஸ்' இருக்கும் மருத்துவத் தளமும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

நேற்று திறந்தது இன்று திறக்கவில்லை என்றால் ஐபியைச் சந்தேகிக்கலாம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசனுக்குக் கூடுதல் கம்ப்யூட்டர்கள் வரும்போது டிஎச்சிபி (கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் சேவை) வரம்பை நீட்டுவார்கள், பாலிசியில் பழைய வரம்பே இருக்கும்.

ரூலை மாற்றியதும் கான்ஃபிக் ஃபைலில் பிழை இருக்கிறதா என்று பார்ஸ் செய்து (படித்துச் சரிபார்த்து), பிறகு ரீலோடு செய்யுங்கள். சோதனையை உங்கள் அட்மின் லாகினில் செய்யாதீர்கள், அதற்கு எல்லாமே திறக்கும். புகார் சொன்னவரின் சீட்டிலேயே, அவர் லாகினிலேயே திறந்து பாருங்கள்.